பக்கத்து வீட்டுச் சிறுமி, மொட்டை மாடி நாய்: நான் யாரிடம் சொல்வது?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். எனக்கு வயது 52. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்களோடு ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், பத்து வயது இருக்கலாம். 'ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை' என்கிறார்கள். பள்ளிக்கூடம் போவதில்லை. விடிவதற்குள் வாசல் தெளிப்பதில் தொடங்கி பாத்திரம், துணி எல்லாம் அவள்தான். முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்பைப் பார்த்தேன். அதே வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாயைச் சின்னச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நிழல் கிடையாது. தண்ணீர்ச் சட்டி பல நாள் காலியாகவே கிடக்கிறது. குரைத்தால் பைப்பால் அடி. நாய்க்காக ஒரு தடவை போய்க் கேட்டேன். 'எங்க நாய், உங்களுக்கு என்ன வந்தது' என்று முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்கப் பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் 'நமக்கு எதற்கு ஊர் வம்பு' என்கிறார். மகன், வீடியோ எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறான். எனக்கோ அவளை அழைத்துவந்து எங்களோடு வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் 1098 என்ற எண்ணை அழையுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. நாயைப் பற்றிய புகாரை அதற்குப் பிறகு கொடுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், நாய்க்காக முதலில் ஆள் வந்து விசாரித்தால் அந்த வீட்டார் உஷாராகிவிடுவார்கள். 'இன்றைக்கு நாய்க்கு வந்தார்கள், நாளைக்குப் பிள்ளைக்கு வருவார்கள்' என்று கணக்குப் போட அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அந்தப் பிள்ளையை இரவோடு இரவாக வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குழந்தைத் தொழிலாளர் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அதிகாரிகள் வாசலுக்கு வரும்போது பிள்ளை 'ஊருக்குப் போயிருக்கும்'. ஏற்கெனவே நீங்கள் ஒரு தடவை நாய்க்காகக் கேட்டுவிட்டதால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மறுபடி போய்ச் சண்டை போட வேண்டாம். பார்த்தால் எப்போதும் போலச் சிரியுங்கள்.

அழைக்கும்போது என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஒரு பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறார்கள், உடனே வாங்க' என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் எனக்கு எழுதியிருப்பதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்லுங்கள்: 'நாமக்கல் மாவட்டம், இந்த ஊர், இந்தத் தெரு, பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் பச்சை கேட் போட்ட வீடு. சுமார் பத்து வயதுப் பெண் குழந்தை. மாதக்கணக்கில் இங்கே இருக்கிறாள். பள்ளிக்குப் போவதில்லை. காலை ஐந்து மணிக்கே வாசலில் வேலை செய்வதைப் பார்க்கிறேன். இடது கையில் சூட்டுத் தழும்பு இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அவள் மட்டும் வீட்டில் இருப்பாள்.' பால் சொசைட்டி, பச்சை கேட், நேரம், இடது கை எல்லாம் நானாகச் சேர்த்தவை. நீங்கள் பார்த்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். அந்தக் கடைசித் தகவல், அதாவது எந்நேரம் யார் வீட்டில் இருப்பார்கள் என்பது, மீட்க வருபவர்களுக்குத் தங்கம் மாதிரி. வெளி ஆள் யாருக்கும் அது தெரியாது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். பெயரில்லாத அழைப்பையும் பதிவு செய்வார்கள். சொன்னாலும், தகவல் தந்தவர் யார் என்பதை வெளியே விட வேண்டாம் என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பேசி முடிக்கும்போது அழைப்புக்கான பதிவு எண்ணைக் கேட்டு, தையல் அளவு எழுதும் நோட்டிலேயே குறித்து வையுங்கள். அடுத்த நாள் மாலைக்குள் யாரும் வரவில்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. அங்கே நேரில் போய் எழுத்தில் கொடுக்கலாம். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடமும் கொடுக்கலாம், ஆனால் அங்கே கூட்டம் இருக்கும், உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற சத்தமோ அலறலோ கேட்கும் நேரத்தில் மட்டும் எதையும் யோசிக்காமல் 112-ஐ அழைத்துவிடுங்கள். அது போலீஸ் அவசர எண்.

'சொந்தக்காரப் பிள்ளை' என்ற வார்த்தையைக் கேட்டுத் தயங்க வேண்டாம். அது இந்த மாதிரி வீடுகளில் முதலில் வரும் பதில். ஒரு பேச்சுக்கு அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம் என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி வரை அந்த விலக்கில் வருவார்கள். ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், படிப்பு கெடாமல் என்பதுதான் நிபந்தனை. பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? வீட்டு வேலைக்குச் சிறுவர் சிறுமியரை வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடைசெய்யப்பட்டது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, 20,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை அபராதம். சூடு வைத்திருந்தால் அது தனிக் குற்றம். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. பெற்ற தாய் தகப்பனுக்கும் அது பொருந்தும்.

தழும்பு சமையல் செய்யும்போது தானாகப் பட்டதாகவும் இருக்கலாம், அவள் உண்மையிலேயே அண்ணன் மகளாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. 'தப்பாகச் சொல்லிவிட்டால் பாவமாச்சே' என்ற தயக்கத்திலேயே எத்தனையோ நல்லவர்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறீர்கள். விசாரித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் விஷயம் அதோடு முடிந்தது. நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்களை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப் போவதில்லை. பாலியல் தொந்தரவு இருக்கிறது என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ மட்டும் நிலைமை வேறு. அங்கே சொல்வது உங்கள் விருப்பம் இல்லை, கடமை. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். நல்லெண்ணத்தில் சொன்னவரை அதே சட்டம் பாதுகாக்கிறது.

'நான் ஒருத்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 1874-ஆம் வருட நியூயார்க்தான் ஞாபகம் வந்தது. குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் பாடம் போல ஆகிவிட்ட கதை அது. ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த ஒரு கட்டடத்தில் மேரி எலன் என்று ஒரு சிறுமி. பெற்றவர்கள் இல்லை. வளர்க்கிறேன் என்று கூட்டிவந்த பெண் அவளைத் தினமும் அடிப்பாள், வீட்டைவிட்டு வெளியே விடமாட்டாள். பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தாள். அந்தப் பகுதியில் நோயாளிகளைப் பார்க்கப் போகிற எட்டா வீலர் என்ற சர்ச் ஊழியர் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே போய்ப் பார்க்கிறார். குளிர்காலத்தில் போதிய துணி இல்லாமல், தன் உயரத்துக்குப் பாத்திரம் எட்டாமல் எதன்மேலோ ஏறி நின்று கழுவிக்கொண்டிருக்கிறாள் பிள்ளை. மேசைமேல் முறுக்கிய தோல் சாட்டை கிடக்கிறது. கையிலும் காலிலும் தடம் தடமாக அடி.

எட்டா வீலர் போலீஸிடம் போனார், தர்ம ஸ்தாபனங்களிடம் போனார். எல்லா இடத்திலும் ஏதோ ஒரு காரணம். ஆதாரம் கொண்டு வா என்றார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் அவர் போய் நின்றது ஹென்றி பெர்க் என்பவரிடம். 1866-இல் அமெரிக்காவின் முதல் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பாரம் ஏற்றிய குதிரையைத் தெருவில் அடிப்பவனைப் பிடித்து நிறுத்திய மனிதர். அவர் தன் ஆளை அனுப்பி விசாரித்து, சங்கத்தின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரி மூலம் நீதிபதியிடம் மனு போட்டார். பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அடித்தவளுக்கு ஒரு வருடம் சிறை. அதே வருடம் டிசம்பரில் குழந்தைகளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சங்கம் நியூயார்க்கில் உருவானது. உலகத்தில் அந்த வகையில் அதுதான் முதல் அமைப்பு. 'குழந்தையும் ஒரு மிருகம்தான் என்று வாதாடி மிருகவதைச் சட்டத்தில் ஜெயித்தார்கள்' என்று இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அது சரியில்லை. குழந்தையை அடைத்து வைத்திருப்பவரிடமிருந்து மீட்டு நீதிபதி முன் கொண்டுவர அப்போதே சட்டத்தில் வழி இருந்தது. கெரி அதைத்தான் பயன்படுத்தினார். சட்டம் இருந்தும் அதை யாரும் கையில் எடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மேரி எலனை எட்டா வீலரின் குடும்பமே கிராமத்தில் வைத்து வளர்த்தது. கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்று, 1956-இல் 92 வயதில்தான் அவர் இறந்தார்.

இதில் நான் உங்களுக்குச் சொல்ல வந்த ஆள் பெர்க்கும் இல்லை, கெரியும் இல்லை. எட்டா வீலர் கேள்விப்பட்டது உண்மைதான் என்று அவருக்கு எப்படி உறுதியானது? அந்தக் கட்டடத்திலேயே சுவருக்கு இந்தப் பக்கம் காசநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெண். எழுந்து நடக்கக்கூடத் தெம்பு கிடையாது. பிள்ளை அழுகிற சத்தம் சுவர் வழியாக அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தன்னைப் பார்க்க வந்த எட்டாவிடம் அவர் அதைச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. சகோதரி, உங்கள் இடம் அந்தப் பெண்ணின் இடம். மீட்கப் போகிறவர்கள் வேறு. கேட்டதையும் பார்த்ததையும் சரியான ஆளிடம் கொண்டு சேர்ப்பவர் நீங்கள்.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கிற வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத மனிதர்களுக்கும் அடி விழ வாய்ப்பு அதிகம் என்பதைக் குழந்தைகள் நலத்தில் வேலை செய்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் அனுபவத்தில் அறிவார்கள். எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 1098-இல் பேசும்போது நாயை அடிப்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வீட்டு மனிதர்களின் கை எப்படிப்பட்டது என்று விசாரிக்க வருபவருக்கு அது உணர்த்தும்.

ஆட்கள் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதியில் மனசு உடைந்துவிடும். பாதுகாப்பு அலகுக்காரர்கள் வருவார்கள். தொழிலாளர் துறையோ போலீஸோ கூட வரலாம். பிள்ளையை அழைத்துப் போனால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உள்ள குழு அது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் அதற்கு உண்டு. கோர்ட் மாதிரி கூண்டு, கறுப்புக் கோட்டு எல்லாம் இருக்காது. சாதாரண அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அந்த அறையில் நான் பார்க்கும் பிள்ளைகள் பலரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள், சுவரோரமாக நிற்பார்கள். பிஸ்கட் கொடுத்தால் கையில் வாங்கி அப்படியே வைத்திருப்பார்கள். 'சும்மா லீவுக்கு வந்தேன்', 'அக்கா நல்லாப் பாத்துக்கிறாங்க' என்று ஒப்பிப்பார்கள். வேலை வாங்கிய வீட்டுக்கே திரும்பப் போக வேண்டும் என்று அழுவார்கள். யாராவது வந்து கேட்டால் இப்படிச் சொல் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் ஊரில் அப்பாவைப் போலீஸ் பிடிக்கும் என்றும் மிரட்டியிருப்பார்கள். அவள் உங்களைப் பற்றிக்கூடக் கோபமாகப் பேசலாம். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில நாள் தூங்கி, வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, பெற்றோரைத் தேடுவது, அந்த வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை தயாரிப்பது என்று வேலை நீளும். குழு தன் விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதுவரை குழந்தைகள் இல்லத்தில் இருப்பாள். கடனுக்கு ஈடாகப் பெற்றோர் அனுப்பியிருந்தால் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. வறுமையால் அனுப்பியிருந்தால் அவளைப் பெற்றோரிடமே சேர்த்து, படிக்க வைக்க மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் நிதி ஆதரவுத் திட்டம் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. டி.சி. இல்லை, வயது கூடிவிட்டது என்று எந்த அரசுப் பள்ளியும் அவளைத் திருப்பி அனுப்ப முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

இந்த இடத்தில் உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. விசாரணையின்போது பக்கத்து வீட்டுக்காரர்களின் வாக்குமூலம் கேட்பார்கள். தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டால் 'நேற்றுத்தான் வந்தாள்' என்று அவர்கள் சொல்வதே நிற்கும். அதனால் இன்றிலிருந்தே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். காலையில் எப்போது பார்த்தீர்கள், எந்த நாள் அழுகை கேட்டது, புதுக் காயம் தெரிந்ததா, அவளாக ஏதாவது சொன்னாளா. சொன்னால் அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம். 'நான் காப்பாற்றிவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், அவள் அதை வீட்டில் உளறிவிட்டால் அடி அவளுக்குத்தான். 'சாப்பிட்டியா கண்ணு' என்ற அளவில் ஒரு பேச்சு இருந்தால் போதும். வெளியே தன்னைப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அவன் கோபம் நியாயமானது, ஆனால் வீடியோ போடவே கூடாது. பிள்ளையின் முகமோ பெயரோ வீடோ வெளியே தெரியும்படி செய்வது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வீடியோவை முதலில் பார்ப்பது அந்த வீட்டாராகத்தான் இருக்கும். பிள்ளை அன்றைக்கே காணாமல் போவாள். கிடைத்தாலும், வளர்ந்து பெரியவளான பிறகும் அந்த வீடியோ அவளைத் துரத்திக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஏதாவது எடுத்திருந்தால் விசாரிக்க வருகிற அதிகாரியிடம் மட்டும் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் போட வேண்டாம்.

சரி, இனி அந்த நாய். பிள்ளை பத்திரமான இடத்துக்குப் போன அன்றைக்கே இதைக் கையில் எடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் இருந்த கோபமெல்லாம் அதன்மேல்தான் திரும்பும். நியாயமில்லாத அளவுக்குச் சின்னச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது, வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், நிழல் தராமல் இருப்பது, அடிப்பது எல்லாமே 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் வருகின்றன. 'எங்க நாய்' என்பது பதில் ஆகாது. தன் பிராணி என்றால்தான் அந்தப் பொறுப்பே வருகிறது. இந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால் அப்போது எழுதிய அபராதம் அப்படியே நிற்கிறது. முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டீ, வடைக்கு ஆகிற காசு. இது மாறியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அடித்து ஊனமாக்கினாலோ கொன்றாலோ கதை வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. புகார் எழுதும்போது பைப்பால் அடித்ததில் நாய் நொண்டுகிறதா, எந்தக் கால், எந்தத் தேதி என்று குறிப்பிடச் சொல்வது இதனால்தான்.

புகாரை எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஒரு நகல் மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு. நேராகப் போய் எழுத்தில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தக டாக்டரிடம் முதலில் பேசுங்கள். சிற்றூரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. 'வெறிநாய் ஊசி போட்டாச்சா, பார்க்கணும்' என்று அவர் ஒரு தடவை வந்து பார்த்தாலே பல வீடுகளில் சங்கிலி நீளும், ஒரு தகரக் கொட்டகை வரும். நாயை அங்கிருந்து எடுத்துப் போவதுதான் நல்லது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. வளர்க்க ஆள் கிடைத்தால் எடுப்பது சரி, இல்லையென்றால் இருக்கிற இடத்தில் நிழலும் தண்ணீரும் கிடைக்கச் செய்வதும் பெரிய விஷயம்தான். உங்கள் மாடியிலிருந்து கை எட்டினால் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். சென்னையில் 1959-இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கியதுதான் பிராணிகளைக் காக்கும் இன்றைய ப்ளூ கிராஸ் அமைப்பு. அவருக்கும் அன்றைக்குக் கையில் இருந்தது அந்தக் குட்டிகள் மட்டும்தான்.

உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கும் அதே தெருவில் குடியிருக்க வேண்டியவர் அவர். அவர் பயத்துக்குப் பதில், இதை ஒரு வீட்டுப் பிரச்சினையாக இல்லாமல் தெருவின் பொறுப்பாக மாற்றுவதுதான். நீங்கள் பார்த்ததை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்திருப்பார், பால்காரர் பார்த்திருப்பார், அங்கன்வாடி டீச்சருக்கும் தெரிந்திருக்கும். நம்பிக்கையான இரண்டு பேரிடம் மட்டும், 1098-இல் சொன்ன பிறகு, மெதுவாகப் பேசிப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே பல தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே பட்டாசு கேட்டு அழுகிற குழந்தைகள் இருக்க மாட்டார்களா என்ன? ஊர் ஒன்றாக நிற்பதால் யார்மேலும் தனியாகப் பகை விழுவதில்லை. உங்கள் தெருவிலும் நான்கு பேர் ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்தால் 'இவர்தான் காட்டிக் கொடுத்தார்' என்று யாரையும் விரல் நீட்ட முடியாது.

கடைசியாக, அவளை நீங்களே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. நேராகக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவளே ஓடிவந்து உங்கள் வாசலில் நின்றால் உள்ளே உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்து, அந்த நிமிடமே 1098-க்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஓரிரு நாள் வைத்திருந்தாலும் கடத்தல் புகார் உங்கள்மேல் திரும்பும், அவர்களும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். ஆனால் உங்கள் எண்ணத்தைக் கைவிடவும் வேண்டாம். பெற்றோரிடம் திரும்ப முடியாத நிலைமை என்று குழு முடிவு செய்தால் அந்தப் பிள்ளையைத் தற்காலிகமாக ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஃபாஸ்டர் கேர் என்பார்கள். தத்து எடுப்பது வேறு, இது வேறு. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பிள்ளை என்பதைக் குழுதான் தீர்மானிக்கும், இந்தப் பிள்ளையே வேண்டும் என்று நீங்கள் கேட்டு வாங்க முடியாது. உங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், வருமானம், உடல்நிலை எல்லாம் பார்ப்பார்கள். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே கிடைக்கும். வீட்டுக்காரரின் சம்மதமும் அதில் கட்டாயம் கேட்பார்கள், அதனால் 1098-இல் பேசி முடித்த கையோடு அவரிடமும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.